மனம்: ஆயுர்வேதத்திலும் இந்திய மெய்யியலிலும்

உயிர் வேறு, மனம் வேறு. மனம் உயிர் கையாளும் ஒரு கருவி. எத்தனையோ வகையில் பிணங்கி நின்ற நியாயம், சாங்கியம், வேதாந்தம், சைவ சித்தாந்தம் ஆகிய மரபுகள் இந்த ஒன்றில் ஏறக்குறைய உடன்பட்டன. மருத்துவத்துக்கு வழி திறந்ததும் இந்த உடன்பாடுதான். கருவி பழுதாகும், பழுதை நீக்கவும் முடியும்.

உண்ட உணவின் மிக நுண்ணிய பகுதியே மனமாகிறது என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். அதை மெய்ப்பிக்க அந்நூலில் வரும் உத்தாலகர் என்ற முனிவர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் குடித்திருக்கச் சொல்கிறார். பிறகு வேதம் ஓதச் சொன்னால் பையனுக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. சாப்பிட்டதும் எல்லாம் திரும்பி வருகிறது. மனத்தைச் சோதித்து அறியலாம் என்று அவ்வளவு முன்பே ஒருவர் எண்ணியது வியப்புக்குரியது.

கௌதமரின் நியாய சூத்திரம் வேறு வழியில் போகிறது. கண்ணும் காதும் ஒருசேரத் திறந்திருந்தும் இரண்டு அறிவுகள் ஒரே கணத்தில் எழுவதில்லை. எனவே புலனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே ஒன்று இருக்க வேண்டும், அதுவே மனம். வைசேடிக மரபினர் அதை அணு என்றனர். சாங்கியமோ மனம், அகங்காரம், புத்தி மூன்றையுமே சடமான பிரகிருதியின் விளைவாகக் கண்டது. தமிழில் தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, ஆறாவது அறிவாக மனத்தை வைத்தது.

இந்த வாதங்களை வைத்தியத்துக்குப் பயன்பட வைத்தது சரக சங்கிதை. மனம், ஆன்மா, உடல் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே வாழ்வு என்பது அதன் அடிப்படை. உடலின் தோஷங்கள் வாதம், பித்தம், கபம். மனத்தின் தோஷங்கள் ரஜஸும் தமஸும். அறிவு, உறுதி, நினைவு மூன்றும் தடுமாறி ஒருவர் தமக்கே கேடு செய்துகொள்வதைப் ‘பிரக்ஞாபராதம்’ என்று அழைத்து, நோயின் மூலங்களில் ஒன்றாக அது கருதுகிறது. சிகிச்சை மூவகை: மந்திரம், மணி, நேர்த்தி ஆகிய தெய்வ வழி, உணவும் மருந்துமான யுக்தி வழி, தீங்கு தருவனவற்றிலிருந்து மனத்தை மீட்கும் சத்துவாவஜயம். இந்த மூன்றாவது, இன்றைய உளவியல் ஆலோசனையோடு பெரிதும் ஒப்பிடப்படுகிறது. ஆனால் அதே நூல் உன்மாதம் என்னும் பித்துநோய்க்குச் சொல்லும் முறைகளில் நோயாளியைக் கட்டி வைப்பதும், பல் பிடுங்கிய பாம்பைக் காட்டி அச்சுறுத்துவதும் உண்டு. அவற்றை மறைத்துச் சரகரைப் புகழ்வது நேர்மையாகாது.

மனம் உடலில் எங்கே உள்ளது? பெரும்பாலான ஆயுர்வேத நூல்கள் இதயத்தைச் சுட்டின. பேல சங்கிதை மட்டும் தலைக்கும் அண்ணத்துக்கும் இடையே என்றது. அந்த நூல் நமக்குக் கிடைத்தது தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துச் சுவடியால். கல்கத்தா பல்கலைக்கழகம் 1921இல் அதைப் பதிப்பித்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சிவஞான போதத்தில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்கள் (அகக்கருவிகள்) நான்கையும் உயிரிலிருந்து பிரித்துக் காட்டினார். அமைச்சர்களோடு சேர்ந்து இயங்கும் அரசன்போல உயிர் அவற்றோடு கூடி நிற்கிறது என்பது அவர் விளக்கம். சித்த மருத்துவத்தின் 96 தத்துவங்களிலும் இந்த நான்கும் இடம்பெறுகின்றன.

கடல் கடந்த இந்தியச் சிந்தனைக்கு மலேசியாவின் கெடா மாநிலத்தில் பழைய தடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ அங்குள்ள புக்கிட் மெரியாமில் கண்ட சமஸ்கிருதக் கல்வெட்டு, அறியாமையால் வினை பெருகுகிறது என்ற கருத்தைச் சொல்கிறது. அது பௌத்தம் சார்ந்தது. ரப்பர்த் தோட்டக் காலத்தில் கூலிம் மாவட்டத்துப் பாடாங் மேஹா போன்ற இடங்களுக்கு வந்த தமிழர் கொண்டுவந்தது நூல்வழி மரபைவிட வழக்குவழி மரபு. மனசு சரியில்லை என்றால் மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கிப் பூசுவதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும், நாட்டு மருந்து கொடுப்பதும் சரகரின் முதல் இரண்டு வழிகளே. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுவோர் இந்த நீண்ட வரலாற்றைக் கவனிப்பதில்லை. அதே வேளை, கடும் மனநோய்க்கு மருத்துவமனைதான் முதலிடம்.

மலேசியாவில் 2016இல் நடப்புக்கு வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் ஏற்றது. போர்ட்டிக்சன் அரசு மருத்துவமனையில், நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஒழுக்கும் சிரோதாரா சிகிச்சை வழங்கப்பட்டுள்ளது.