பாலைவனப் பூனையும் மனிதரின் குளிசையும்

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற எம்மவர் பலர், வேலை முடிந்து திரும்புகையில் மீன்தலையொன்றைத் தெருப்பூனைக்கு இட்டுப் பழகியவர்கள். அப்பூனை மயிர் உதிர்ந்து, கழுத்திற் சொறிந்த புண்ணுடன் வந்து நின்றால், தமது தடிமன் குளிசையிற் பாதியைப் பாலிற் கரைத்துக் கொடுப்பவரும் உளர். அன்பினாற் செய்யப்படும் இச்செயல் ஏன் அப்பிராணியின் உயிரைக் குடிக்கின்றது? விடை அப்பாலைநிலத்தின் பழைய வரலாற்றிலே உள்ளது.

ஐக்கிய அரபு இராச்சியம், பஃறைன், சவூதி அரேபியா முதலிய நாடுகளின் பாலைகளில் வாழும் காட்டுப்பூனைகளே உலகின் வீட்டுப்பூனைகளுக்கு மிக நெருங்கிய உறவினர் என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. ஊனுண்டே வாழ்ந்த இனம் அது. மாமல்லபுரத்துச் சிற்பத்திலே பூனை தவமியற்றலாம். உண்மைப் பூனை ஊன் தவிர்த்து வாழ வல்லதன்று. தாவரமுண்ணும் உயிர்கள் அவற்றின் நச்சுப்பொருட்களை ஈரலிலே முறித்து வெளியேற்றுகின்றன. பூனையிடம் அவ்வேலைக்குரிய நொதியொன்றின் மரபணு சிதைந்துபோயுள்ளமை 2000 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது.

மருந்துகளின் வரலாறோ மனிதரை மையமாகக் கொண்டது. ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னா வைத்தியர் பிர்க்கே 1906 இல் ஆக்கினார். பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தில் டானியல் போவேயும் ஆன்மரி ஸ்டாபும் 1937 இல் முதலாவது எதிர்மருந்தைக் கண்டனர். இன்று கடைகளில் விற்கப்படும் தடிமன் குளிசைகள் பலவற்றில் இவ்வகை மருந்துடன் பரசிற்றமோலும் கலந்திருக்கும். நாம் பனடோல் என்றழைப்பது அதுவே. பூனையொன்றைக் கொல்ல ஒரு குளிசை போதும்.

தெள்ளுக்கடியே பூனைச் சொறிக்குப் பெரும்பாலும் காரணம். அங்கும் ஓர் ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் மைக்கல் எலியட் குழுவினர் 1973 இல் ஆக்கிய பெர்மெத்ரின், நாய்களுக்கான தெள்ளுமருந்துகளிற் சேர்க்கப்படுகின்றது. நாய் தாங்கும் அம்மருந்து பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தரும்.

மகரந்தமும் காரணமாகலாம். மண்டபம் முகாமில் இருந்தோர் சீமைக்கருவேலை நன்கறிவர். பாலையைப் பசுமையாக்கவென அம்மரம் 1970களில் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் நடப்பட்டது; அதன் மகரந்தம் அங்குள்ள மனிதருக்கு ஒவ்வாமை விளைப்பதை வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர்.

வளைகுடாவில் நவீன மிருக வைத்தியம் வல்லூற்றையும் ஒட்டகத்தையும் முன்னிறுத்தியே வளர்ந்தது. டுபாயின் வல்லூற்று வைத்தியசாலை 1983 இல் எழுந்தது. 1999 இல் திறக்கப்பட்ட அபுதாபியின் வல்லூற்று வைத்தியசாலை, பின்னரே நாய் பூனைகளுக்கும் பிரிவு அமைத்தது. செல்வரின் பறவைக்குப் பின்னர்தான் தெருப்பூனையின் முறை!

மிருக வைத்தியர் முதலில் பூனைக்கெனச் செய்த தெள்ளுமருந்தைக் கொடுப்பார். பின் சில வாரங்கள் உணவை மாற்றிப் பார்ப்பார். அதன் பின்னரே பிரெட்னிசலோன் போன்றவற்றை, நீண்டகாலப் பாவனை நீரிழிவைத் தரக்கூடுமாதலால், அளவறிந்து கொடுப்பார். பூனைக்கெனத் தயாரித்த சைக்ளோஸ்போரின் 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அறியாமற் குளிசை கொடுத்துவிட்டவர் பூனையின் முரசைப் பார்க்க வேண்டும். முரசு கபிலநிறமாதல், முகம் வீங்குதல், மூச்சு வாங்குதல் ஆகியன பரசிற்றமோல் நஞ்சின் அறிகுறிகள். அவை தோன்றும்வரை காத்திராது, குளிசை உறையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். முறிமருந்து உண்டு, முதற் சில மணித்தியாலங்களில் கொடுத்தாலே அது நன்கு பயன்படும்.