தோல் விற்ற காசில் நடந்த கல்யாணங்கள்

1836 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு கல்யாணம் நடந்தது. கலிஃபோர்னியா அப்போது மெக்சிகோவைச் சேர்ந்தது. கறுப்பு உடையில் பாவமன்னிப்புக்காகக் கத்தோலிக்க மிஷன் கோயிலுக்குள் போன மணப்பெண், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து முழு வெள்ளையில் மாப்பிள்ளையுடன் வெளியே வந்தாள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும், கடலில் நங்கூரமிட்டிருந்த ‘அலெர்ட்’ கப்பல் வரிசையாக 23 முறை பீரங்கி முழங்கியது. அந்தக் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்த ரிச்சர்ட் ஹென்றி டானா, பின்னாளில் தன் பயண நூலில் இந்தக் கல்யாணத்தை விரிவாக எழுதினார்.

மணப்பெண் அனிதா, ஊரின் பெரிய மனிதரான ஹோசே தெ லா குவேராவின் மகள். மாப்பிள்ளை ஆல்ஃபிரட் ராபின்சன், பாஸ்டன் வணிக நிறுவனம் ஒன்றின் முகவர். பெண் வீட்டு முற்றத்தில் சில நூறு பேர் கொள்ளும் கூடாரம் போட்டிருந்தார்கள். அழைப்பு என்று யாருக்கும் தனியாகக் கிடையாது. கல்யாணம் என்றால் ஊரே வரும், வரவும் வேண்டும். வயலினும் கித்தாரும் ஒலிக்க, ஆடுவோருக்கு இடம் விடுவதே பெரும்பாடாகும் அளவுக்குக் கூட்டம் நெருக்கியது. வெள்ளைக் கால்சட்டையும் பட்டுச் சட்டையுமாக ஹுவான் பந்தீனி என்ற சீமான் ஆடிய நடனத்தை எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கொண்டாட்டங்களில் முட்டைக்குத் தனி இடம் உண்டு. முட்டையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, வாசனைத் தண்ணீரையோ மினுமினுக்கும் காகிதத் துணுக்குகளையோ நிரப்பித் துளையை அடைப்பார்கள். அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, பேச்சில் மூழ்கியிருப்பவரின் பின்னால் போய்த் தலையில் உடைக்க வேண்டும். மாட்டியவர் கோபிக்கக் கூடாது. உடைத்தவரைக் கண்டுபிடித்து அதே மரியாதையைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

இன்று கலிஃபோர்னியாவின் பழைய பண்ணை வீடுகளில், திறந்த முற்றத்தில் மணம் செய்துகொள்ளப் பல ஜோடிகள் ஆசைப்படுகிறார்கள். பின்னணியில் வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பூத்த கொடி. புகைப்படத்துக்காகப் பிறந்த மோகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முற்றத்துக் கல்யாணம் அந்த மண்ணில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழக்கம். அது உருவானதற்குத் தெளிவான காரணங்களும் உண்டு.

முதல் காரணம் வீட்டின் கட்டுமானம். ‘ரான்ச்சோ’ எனப்பட்ட அந்தப் பண்ணைகளின் வீடுகள் சூளையில் வேகாத பச்சைச் செங்கல்லால் ஆனவை. களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த கற்கள். சுவர் தடிமன், உள்ளே குளுமை. ஆனால் அறையின் அகலம் உத்தரத்துக்குக் கிடைக்கும் மரத்தின் நீளத்தைத் தாண்ட முடியாது. எத்தனை அறைகளை வரிசையாகக் கட்டினாலும் இருநூறு பேர் ஆடும் கூடம் கிடைக்காது. ஆகவே முற்றத்து மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கெட்டித்து, மரக்கிளைகளால் பந்தல் போட்டு, அதன் கீழ் ஆடினார்கள்.

இரண்டாவது, தூரம். 1784இல் ஆளுநர் பெத்ரோ ஃபாகெஸ் முதல் மேய்ச்சல் நிலங்களை ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு அனுமதித்தார். மெக்சிகோ விடுதலை பெற்று மிஷன் சொத்துகள் கலைக்கப்பட்டதும், 1830களில் நிலமானியங்கள் பெருகின. ஒருவருக்கு அதிகபட்சம் 11 சதுர லீக், அதாவது 48,000 ஏக்கருக்கும் மேல் தரலாம் என்றது சட்டம். பக்கத்துப் பண்ணைக்குப் போவதே ஒரு பயணம். ஆண்கள் குதிரையில் வருவார்கள். பெண்களும் குழந்தைகளும் ஏறிவரும் மாட்டுவண்டியின் சக்கரம் ஆரமில்லாத முழுக்கட்டை. அது கிறீச்சிடும் சத்தம் வண்டிக்கு வெகு முன்னால் வந்து சேரும். அப்படி வந்தவர்கள் ஒரே இரவில் திரும்புவதில்லை. விருந்து மூன்று நாள் நீள்வது சாதாரணம்.

இத்தனை பேருக்கும் எப்படிச் சோறு போட்டார்கள்? தோல் வணிகம்தான் விடை. பாஸ்டன் கப்பல்கள் வாங்கியது மாட்டுத் தோலையும், மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் பயன்பட்ட கொழுப்பையும். ஒரு தோலுக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு டாலர் மதிப்பு. அதுவும் கையில் காசாக வராது. பட்டு, காலணி, சர்க்கரை, இரும்புச் சாமான் என்று சரக்காகவே வரும். தோலையே ‘கலிஃபோர்னியா நோட்டு’ என்று மாலுமிகள் அழைத்தார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இறைச்சியை ஏற்றுமதி செய்ய வழியில்லை, உள்ளூரில் விலையும் இல்லை. நூற்றுக்கணக்கானோருக்கு மாட்டிறைச்சி சுட்டுப் பரிமாறுவது பண்ணையாருக்குப் பெரிய செலவே அல்ல. மணப்பெண்ணின் பட்டுக்குத்தான் செலவு, அதை அடைத்தது தோல்.

தோலை வாங்க வந்தவர்களே மருமகன்களும் ஆனார்கள். கத்தோலிக்கராகி, மெக்சிகோ குடியுரிமையும் பெற்ற அந்நியருக்கு நிலம் வைத்துக்கொள்வதும் வணிகம் செய்வதும் எளிது. உள்ளூர்ப் பெரிய குடும்பத்தில் பெண் எடுத்தால் இன்னும் எளிது. ராபின்சன் அப்படிப் பெண் எடுத்தவர். லாஸ் ஏஞ்சலஸில் தோல் வணிகம் செய்த ஏபல் ஸ்டெர்ன்ஸும் அப்படியே. சாண்டா பார்பரா கூடாரத்தில் ஆடிய பந்தீனியின் மகள் ஆர்காதியாவை அவர் 1841இல் மணந்தார். மணமகளுக்கு வயது 14, மாப்பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1851இல், ஆர்காதியாவின் தங்கை இசிதோரா, கேவ் கூட்ஸ் என்ற அமெரிக்கப் படை அதிகாரியை சான் டியேகோவில் மணந்தாள். அதற்குள் நாடு கைமாறியிருந்தது. 1848 உடன்படிக்கைப்படி கலிஃபோர்னியா அமெரிக்காவுக்குப் போய்விட்டது. மைத்துனி கல்யாணத்துக்கு ஸ்டெர்ன்ஸ் கொடுத்த சீர் ஒரு பண்ணை: 2,219 ஏக்கர் கொண்ட ரான்ச்சோ குவாஹோமே. அங்கே கூட்ஸ் முற்றங்களைச் சுற்றிப் பெரிய வீடு கட்டினார்.

அந்த வீட்டைக் கட்டிய உழைப்பு லுயிசேனோ பூர்வகுடி மக்களுடையது. எல்லாப் பண்ணைகளிலும் மாடு மேய்த்தவர்கள், தோலுரித்தவர்கள், கொழுப்பு காய்ச்சியவர்கள், கல்யாணத்தில் சமைத்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடியினரே. பலருக்குக் கூலி என்பது உணவும் உடையும் மட்டும்தான். 1850இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம், ‘வேலையின்றித் திரிகிறார்’ என்று பிடிக்கப்பட்ட பூர்வகுடியினரை ஏலத்தில் கூலிக்கு விட இடம் கொடுத்தது. கூட்ஸே 1855இல் பூர்வகுடியினரைத் தோல்கயிற்றால் அடித்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானார். அந்தக் காலத்து விருந்துகளைப் பற்றிப் பேசுகிறவர் இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

பண்ணை வாழ்வு சீக்கிரமே சரிந்தது. 1851 நிலச்சட்டப்படி ஒவ்வொரு மானியக்காரரும் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அந்தச் சட்டம் அமைத்த ஆணையத்தின் முன் வந்தன. முடிவுக்குச் சராசரியாக 17 ஆண்டுகள் பிடித்தன. வக்கீல் கட்டணத்துக்கே நிலம் போனது. 1862 தொடக்கத்தில் பெருவெள்ளம், அடுத்து 1864 வரை வறட்சி. மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பெரும் நிலக்கிழாரான ஸ்டெர்ன்ஸே கடனில் மூழ்கினார்.

அந்த முற்றங்களுக்குப் புதுக் கவர்ச்சி தந்தது ஒரு நாவல். பூர்வகுடியினருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாடு உணர வேண்டும் என்று ஹெலன் ஹன்ட் ஜாக்சன் 1884இல் ‘ரமோனா’வை எழுதினார். வாசகர்களோ நாயகி ரமோனாவின் காதலை எடுத்துக்கொண்டு அநீதியை விட்டுவிட்டார்கள். கதையின் பண்ணை எது என்று தேடி ரயிலேறி வந்தார்கள். ஜாக்சன் நேரில் பார்த்த ரான்ச்சோ கமுலோஸும் குவாஹோமேயும் ‘ரமோனாவின் வீடு’ என்ற பெயருக்குப் போட்டியிட்டன. சான் டியேகோவில் எஸ்துதியோ குடும்பத்தின் பாழடைந்த வீடு 1910 வாக்கில் புதுப்பிக்கப்பட்டு, ‘ரமோனா மணம் முடித்த இடம்’ என்ற பெயரில் காட்சிக்கு வந்தது. நடக்காத கல்யாணத்தின் நினைவாக அஞ்சலட்டைகள் விற்றன.

இன்று கமுலோஸ் ஓர் அருங்காட்சியகம். குவாஹோமேயை சான் டியேகோ மாவட்டம் 1973இல் வாங்கிப் பழுதுபார்த்துப் பூங்காவாகப் பராமரிக்கிறது. முற்றத்தைக் கல்யாணங்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பச்சைச் செங்கல்லுக்கு ஈரம் எமன். சுண்ணாம்பும் கூரையும் தவறினால் சுவர் கரைந்து மண்ணாகும். பராமரிப்புக்கு ஓயாமல் பணம் தேவைப்படும் கட்டடத்துக்கு இந்த வருமானம் உதவத்தான் செய்யும். கல்யாணங்கள் அங்கே தொடர்ந்து நடக்கட்டும்.

ஆனால் குவாஹோமேயின் கதை இசிதோராவின் சீரிலிருந்து தொடங்குவதில்லை. 1845இல் ஆளுநர் பியோ பிகோ அந்த நிலத்தைக் கொடுத்தது, சான் லூயிஸ் ரே மிஷனைச் சேர்ந்த ஆந்த்ரேஸ், ஹோசே மனுவெல் என்ற இரண்டு பூர்வகுடியினருக்கு. அவர்களிடமிருந்து ஸ்டெர்ன்ஸ் வாங்கிய விலை 550 டாலர். அந்த முற்றத்தில் மணம் முடிக்க வரும் ஜோடிகளுக்கு, பந்தல் எங்கே போடலாம், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும்போது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.