கருப்பையோடு போன சூலகங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் சின்னம்மா காலமானபின் அவரது தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். காணி உறுதிகளுக்கும் பழைய அடையாள அட்டைக்கும் நடுவே மஞ்சளித்துப்போன தாள் ஒன்று இருந்தது. 1993 ஆம் ஆண்டு அவருக்குக் கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றபோது கொடுக்கப்பட்ட ஆய்வுகூட அறிக்கை அது. ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட நான்கு வரிகள். கருப்பையில் மூன்று நார்க்கட்டிகள் இருந்தன, அவற்றில் புற்றுநோய்க்கான அறிகுறி ஏதுமில்லை என்று முதல் மூன்று வரிகளும் கூறின. இரண்டு சூலகங்களும் வழமையானவை என்றது கடைசி வரி.

வழமையானவையாயின் அவை எதற்காக அந்த ஆய்வுகூடத்துக்குப் போயின? சின்னம்மா அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அப்போது அவருக்கு வயது 43. "எல்லாத்தையும் எடுத்துத் துப்புரவாக்கிப்போட்டினம் தம்பி, இனிப் பயமில்லையாம்" என்று அவர் கட்டிலில் இருந்தபடி சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த மாதமே உடலெங்கும் அனல் பறப்பதாகச் சொல்லத் தொடங்கினார். இரவில் உறக்கமில்லாமல் விறாந்தையில் நடந்துகொண்டிருப்பார். 58 வயதில் முற்றத்தில் இடறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அது சூலகங்கள் போனதால் வந்ததா, அன்றி வெறும் விபத்தா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்லமுடியாது.

சென்ற வருடம் என் தங்கைக்கும் அதே நார்க்கட்டி. வயது 46. கருப்பையை அகற்றவேண்டும் என்று கூறிய பெண்நோயியல் நிபுணர், சூலகங்களை விடுவதா எடுப்பதா என்பதை யோசித்துச் சொல்லும்படி அவளை அனுப்பியிருந்தார். "நீங்கள் பேப்பர்க்காரர்தானே அண்ணா, தேடிப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள். நான் வைத்தியனல்லன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே தேடினேன். நோயற்ற சூலகத்தை முதன்முதலில் அகற்றியவர் யார், எதற்காக அகற்றினார் என்ற இடத்திலிருந்து தொடங்கினேன்.

சூலகச் சத்திரசிகிச்சையின் வரலாறு உண்மையில் ஒரு வீரக் கதையோடு தொடங்குகிறது. 1809 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், எப்ரைம் மெக்டவல் என்ற வைத்தியர் ஜேன் டொட் குரோபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து சூலகக் கட்டியொன்றை அகற்றினார். கட்டியின் எடை இருபத்திரண்டரை இறாத்தல். வயிற்றிலிருப்பது இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் முன்பு பார்த்தவர்கள் எண்ணியிருந்தனர். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் இருந்தன. அந்தப் பெண் குதிரையில் அறுபது மைல் தூரம் வந்து, நத்தார் தினத்தன்று மேசையில் படுத்து, சங்கீதங்களை ஓதிக்கொண்டு இருபத்தைந்து நிமிட நேரம் அந்தக் கத்தியைத் தாங்கினார். பின்னர் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1842 இல் மறைந்தார். அங்கே அகற்றப்பட்டது நோயுற்ற உறுப்பு. அதை விட்டிருந்தால் மரணம் நிச்சயம். கேள்வியே இல்லை.

கேள்வி எழுந்தது 1872 இல். அந்த ஒரே ஆண்டின் கோடையில் ஜேர்மனியின் பிரைபூர்க் நகரில் அல்பிரட் ஹேகரும், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ரோம் என்னும் ஊரில் ரொபேட் பட்டியும், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் லோசன் டெய்ட்டும் ஒருவரையொருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்தனர். கட்டியெதுவும் இல்லாத சூலகங்களை அகற்றினர். யார் முந்தியவர் என்ற சண்டை பிறகு வெகுகாலம் நடந்தது. அமெரிக்காவில் அது 'பட்டியின் சத்திரசிகிச்சை' என்றே பெயர் பெற்றுவிட்டது. பட்டியின் நோக்கம் தெளிவானது. மாதவிடாய்க் காலங்களில் கடும் உபாதைக்குள்ளாகும் பெண்ணுக்குச் செயற்கையாக மாதவிடாய் நிறுத்தத்தை உண்டாக்கிவிட்டால் உபாதை தீரும் என்று அவர் கருதினார். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் தாம் எதைச் செய்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதைச் சொல்லியாகவேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் சின்னம்மாவுக்கு நேர்ந்த அதே மாதவிடாய் நிறுத்தம், எவரும் வாய்திறந்து குறிப்பிடாத ஒரு பக்க விளைவாக மட்டுமே இருந்தது.

பட்டி திறந்த வாசலால் மற்றவர்கள் வெள்ளமாகப் புகுந்தனர். வலிப்புக்கும் 'ஹிஸ்டீரியா'வுக்கும் மனநோய்க்கும் சூலகங்கள் அகற்றப்பட்டன. பெண்ணின் உடலையும் உள்ளத்தையும் ஆட்டுவிப்பது சூலகமே, அது நரம்புகளின் வழியே மூளையைக் குழப்புகிறது என்பது அக்காலத்து மருத்துவ நம்பிக்கை. தொற்றுநீக்க முறை பரவியதும் வயிற்றைத் திறப்பது முன்போல் அச்சம் தரும் காரியமாக இருக்கவில்லை. எதிர்ப்பும் எழாமலில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூலகக் கட்டிகளை அகற்றிப் புகழ்பெற்ற லண்டன் வைத்தியர் ஸ்பென்சர் வெல்ஸே, நோயற்ற சூலகங்களில் கைவைப்பதைக் கண்டித்தார். 1886 இல் லிவர்பூல் பெண்கள் வைத்தியசாலையைச் சேர்ந்த பிரான்சிஸ் இம்லாக் என்பவர் மீது, பெண்களுக்குத் தெரியப்படுத்தாமல் அவர்களது பெண்மையை நீக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து பெரும் சர்ச்சையாயிற்று. சம்மதம் கேட்கப்பட்டதா என்ற வினா அன்றே பகிரங்கமாக எழுப்பப்பட்டிருக்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கே ஒரு சிறு இடைக்குறிப்பு. பட்டி ஜோர்ஜியாவில் கத்தியெடுத்த அக்காலத்தில்தான், அவரது நாட்டவரான சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்கள் தமிழில் வெளிவந்தன. அந்த மண்ணிலேயே பிறந்த என் சின்னம்மா, தன் உடம்பைப் பற்றிய நான்கு வரிகளை வாசிக்க முடியாமல் முப்பது வருடம் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தார்.

பட்டியின் மோகத்தைத் தணித்தது எதிர்ப்புப் பிரசாரத்தை விட ஆய்வுகூடந்தான். 1890களின் நடுப்பகுதியில் வியன்னாவில் எமில் குனாவர் என்பவர் முயல்களின் சூலகங்களை வெட்டியெடுத்து வயிற்றுக்குள்ளேயே வேறோரிடத்தில் ஒட்டவைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்தபின்பும் அந்த முயல்களின் கருப்பை சுருங்கவில்லை. அப்படியாயின் சூலகம் பேசுவது நரம்பின் மூலமல்ல, இரத்தத்தில் எதையோ கலப்பதன் மூலம்! அதே காலத்தில் கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பீற்சன், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்ணொருவரின் சூலகங்களை அகற்ற, மார்பிலிருந்த கட்டிகள் மறைந்தன. சூலகம் அகற்றப்பட்ட பசுக்கள் தொடர்ந்து பால் தருகின்றன என்ற பண்ணையாளர்களின் அனுபவமே அவரை அந்த வழியில் சிந்திக்க வைத்தது. 1896 இல் அவர் அதனை வெளியிட்டார். அந்தப் 'எதையோ' என்பது ஓமோன் என்று பின்னர் அறியப்பட்டது. 1929 இல் அமெரிக்காவில் எட்வேர்ட் டொய்சியும் ஜேர்மனியில் அடோல்ப் பூட்டனாந்தும் ஈஸ்ட்ரஜன் வகையொன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

இந்த அறிவு சூலகத்தைக் காப்பாற்றியிருக்கவேண்டும். காப்பாற்றவில்லை. கருப்பை அகற்றல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரத்தம் ஏற்றலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்தபின், பாதுகாப்பான சாதாரண காரியமாகிவிட்டது. வயிறு எப்படியும் திறந்திருக்கிறது. சூலகப் புற்றுநோயோ அறிகுறி காட்டாமல் வளர்ந்து, கண்டுபிடிக்கும்போது காலங்கடந்துவிடும் கொடிய நோய். எனவே நாற்பது, நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணுக்குக் கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிடுவதே முன்யோசனை என்ற பழக்கம் வேரூன்றியது. போன ஓமோனுக்கு மாற்று கடையில் இருந்தது. கர்ப்பமுற்ற பெண்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட பிரெமரின் மாத்திரை 1942 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966 இல் ரொபேட் வில்சன் என்ற வைத்தியர் எழுதிய நூலொன்று, மாத்திரை இருக்கும்வரை பெண்ணுக்கு முதுமையே இல்லை என்ற தோரணையில் விற்றுத் தீர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பெண்கள் தமது சூலகங்களை இழந்துகொண்டிருந்தனர். சின்னம்மாவுக்கு மாத்திரையும் கொடுக்கப்படவில்லை. 1993 இல் யாழ்ப்பாணத்துக்குச் சாதாரண மருந்துகளே வந்துசேர்வது அரிதாயிருந்தது. அதைப் பற்றி எவரும் பேசவுமில்லை.

2002 ஜூலையில் மாத்திரை மீதான நம்பிக்கை ஆட்டங்கண்டது. 16,608 அமெரிக்கப் பெண்கள் பங்குபற்றிய பெரும் ஆய்வின் ஒரு பகுதி, இரண்டு ஓமோன்களையும் சேர்த்து உட்கொண்டோரிடம் மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால், இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கருப்பை அகற்றப்பட்டோருக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் கொடுத்த பகுதி 2004 இல் நின்றது. அங்கே பக்கவாதம் கூடியதேயொழிய மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆனால் இத்தகைய நுட்பங்களை அன்றைய தலையங்கங்கள் சொல்லவில்லை. (எங்கள் பத்திரிகையின் தலையங்கமும் சொல்லவில்லை. அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு.) உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் கைவிட்டனர். உடலின் சொந்தச் சூலகத்தின் அருமை அப்போதுதான் மீண்டும் பேசப்பட்டது.

2005 இல் கலிபோர்னிய வைத்தியர் வில்லியம் பார்க்கரும் சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டனர். புற்றுநோய்க்கான விசேட ஆபத்து இல்லாத பெண்ணுக்கு 65 வயது வரை சூலகத்தை அகற்றுவதால் ஆயுள் கூடப்போவதில்லை என்றது அது. 2009 இல், தாதியர் 29,380 பேரை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டு அவர்கள் மேலும் எழுதினர். சூலகங்கள் அகற்றப்பட்டோரிடம் சூலகப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைந்தன. ஆனால் இருதய நோய் கூடியது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் மரணமும் 12 வீதம் கூடியது. சூலகங்களை வைத்திருந்த 13,035 பேரில் அத்தனை ஆண்டுகளில் சூலகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 34 பேர். மின்னசோட்டாவில் வோல்டர் ரொக்காவின் குழு, 45 வயதுக்கு முன் சூலகங்களை இழந்து ஈஸ்ட்ரஜனும் பெறாதோரிடம் மரணம் அதிகம் என்பதை 2006 இலும், இளவயதில் இழந்தோரிடம் நினைவாற்றல் குறைவு அதிகம் என்பதை 2007 இலும் காட்டியது. இவை சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய பரிசோதனைகள் அல்ல, பின்தொடர்ந்து பார்த்தவை என்பதையும் தங்கைக்குச் சொன்னேன். ஆயினும் 2008 இல் அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் கல்லூரி, மாதவிடாய் நிற்காத, பரம்பரை ஆபத்து இல்லாத பெண்களின் வழமையான சூலகங்களை விட்டுவைப்பதை வலுவாகப் பரிசீலிக்குமாறு கூறியது. மாதவிடாய் நின்றபின்பும் சூலகம் முற்றாக உறங்கிவிடுவதில்லை. அது சுரக்கும் வேறு ஓமோன்களை உடலின் கொழுப்பு ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொள்கிறது.

இதோடு முடிந்திருந்தால் என் பதில் சுலபம். பரம்பரை என்ற சொல்தான் சிக்கல். 1994, 1995 ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ என்னும் இரு பரம்பரையலகுகளில் விகாரம் இருந்தால் கணக்கு தலைகீழ். சாதாரணப் பெண்ணுக்கு வாழ்நாளில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும் சூலகப் புற்றுநோய் ஆபத்து, முதலாவது அலகில் விகாரமுள்ளவருக்கு நாற்பதை எட்டுகிறது. நடிகை அஞ்சலினா ஜோலி 2015 இல் 39 வயதில் தம் சூலகங்களை அகற்றியதற்கு இதுவே காரணம். அவருக்கு அது சரியான முடிவு. 1993 இல் எங்கள் சின்னம்மாவிடம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கப்பட்டதாக நான் அறியேன்.

தங்கையிடம் கேட்டார்கள். அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மம்மா என்னத்தால செத்தவ அண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. 1961 இல், நாற்பது வயதை ஒட்டி, 'வயிற்றுக் கட்டி'யால் போனார் என்பதே வீட்டில் வழங்கிய கதை. கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்பத்தைந்து வயதிலும் அவருக்கு நினைவு தெளிவு. "வயிறு பிள்ளைத்தாச்சி மாதிரி பெருத்துக் கிடந்தது, நீர் எடுத்தவை, பிறகும் கட்டினது" என்றார். அது ஈரலாக இருக்கலாம், சூலகமாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அந்த வயிற்றுக்கு எந்த அறிக்கையும் இல்லை. வரலாறு படித்தவனுக்கு ஆவணம் இல்லாத இடம் புதிதல்ல. ஆனால் அந்த இடத்தில் என் தங்கை நின்றுகொண்டிருந்தது புதிது.

நிபுணர் அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சத்திரசிகிச்சையை ஒத்திவைத்தார். முடிவு வரச் சில வாரங்கள் எடுத்தது. விகாரம் எதுவும் காணப்படவில்லை. அப்போது அவர் மூன்றாவது வழியொன்றையும் கூறினார். சூலகப் புற்றுநோய் எனப்படுவதில் கொடிய வகை பெரும்பாலும் பலோப்பியன் குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று 2001 அளவிலிருந்து நோயியலாளர்கள் கண்டுவந்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், கருப்பை அகற்றும்போது குழாய்களை மட்டும் எடுத்துச் சூலகங்களை விடும்படி வைத்தியர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். அந்த மாகாணத்தின் பின்னைய தரவுகள் நம்பிக்கை தருபவை. கருப்பை போனபின் எஞ்சும் சூலகங்கள் சற்று முந்தியே ஓயக்கூடும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

சம்மதப் பத்திரத்தில் தமிழும் இருந்தது. தங்கை அதன் அடியில் "சூலகங்கள் இரண்டும் இருக்கட்டும்" என்று தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டாள். இரண்டு வாரங்களின் பின் வந்த ஆய்வுகூட அறிக்கையில் கருப்பையும் இரு குழாய்களும் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. அதை நான் அவளுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பிரதியொன்றைச் சின்னம்மாவின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.