உரிமப் பூட்டைச் சோதிக்கும் உரிமை

தொழிற்சாலை மென்பொருளைக் கள்ளப் பிரதியிலிருந்து காப்பதற்காக வைக்கப்படும் உரிமக் கட்டுப்பாட்டு நிரலே, அத்தொழிற்சாலையின் வலையமைப்புக்குள் அந்நியர் நுழையும் வாசலாகவும் ஆகிவிடலாம். 2018இலும் 2020இலும் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. பதிப்புரிமைச் சட்டம் உரிமக் கட்டுப்பாடு என்ற இந்தப் பூட்டுக்குக் காவல் நிற்கிறது. அப்படியானால் விலை கொடுத்து வாங்கியவர் அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமையையும் அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தியச் சட்டத்தில் அவ்வுரிமைக்கான அடித்தளம் இருக்கிறது. அதைச் செயலற்றதாக்குவது உரிம ஒப்பந்தம்.

முதல் ஆய்வு, ‘சென்டினல் ஹாஸ்ப்’ என்ற டாங்கிளைப் பற்றியது. வடிவமைப்பு மென்பொருள் ஓடும் கணினியின் யுஎஸ்பி துளையில் எப்போதும் செருகியே இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு அது. கழற்றினால் மென்பொருள் திறக்காது. அதற்கான மென்பொருளில் 14 பலவீனங்கள் இருப்பதாக 2018 ஜனவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எண்ணிக்கையைவிட என்னைக் கலங்கடித்தது, அவர்கள் விவரித்த ஒரு நடைமுறை. டாங்கிளை முதன்முறை செருகியதும் விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தானே இறக்கி நிறுவியது. டிரைவரோ, பயனருக்கு முறையாக அறிவிக்காமலே ஃபயர்வாலின் விலக்குப் பட்டியலில் 1947 என்ற போர்ட்டைச் சேர்த்துவிட்டது. டாங்கிளைக் கழற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினாலும் அந்த போர்ட் திறந்தே கிடந்தது. வலையமைப்பில் உள்ள எவரும் அந்த போர்ட் எண்ணைத் தேடிப் பார்த்து, எந்தெந்தக் கணினியில் இந்த மென்பொருள் இருக்கிறது என்று கண்டுகொள்ள முடிந்தது. ஆலை நிர்வாகம் இப்படியொரு கதவைத் திறக்கச் சொல்லவில்லை. திறந்திருப்பதே அதற்குத் தெரிய வழியில்லை.

இரண்டாவது, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து நிறுவனமான விபு சிஸ்டம்ஸின் ‘கோட்மீட்டர்’ என்ற உரிமக் கட்டுப்பாட்டு நிரலைப் பற்றியது. சீமென்ஸ், ராக்வெல் ஆட்டோமேஷன் போன்ற பெருநிறுவனங்களின் மென்பொருளுக்குள் இது உட்பொதிந்திருந்தது. கிளாரொட்டி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்ட ஆறு பலவீனங்கள் 2020 செப்டம்பரில் வெளியாயின. அவற்றுள் ஒன்று பலவீனத்தின் தீவிரத்தை மதிப்பிடும் அளவுகோலின் உச்சமான 10 புள்ளியைப் பெற்றது. பொறியாளர் ஒருவரை வஞ்சகமான இணையப்பக்கத்துக்கு வரவழைத்தாலே போதும், அவர் கணினியில் போலி உரிமக் கோப்பை நுழைக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். போலி உரிமம் நுழைந்த வழியிலேயே தாக்குதலும் நுழையக்கூடும். அறிவுசார் சொத்தின் காவலும் ஆலையின் காவலும் ஒரே ஓட்டையில் உடைந்தன. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வாதம் இங்கே நிற்காது. டாங்கிளையும் கோட்மீட்டரையும் தயாரித்த இரு நிறுவனங்களும் திருத்தங்களை வெளியிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெளியார் கண்டு சொன்ன பிறகுதான் அந்தத் திருத்தங்கள் வந்தன.

மென்பொருள் படைப்பாளர் தரப்பில் நியாயம் இருக்கிறது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலுக்கு, நிரல் என்ற அளவில், காப்புரிமை தருவதில்லை. வணிக இரகசியத்துக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என 2024இல் சட்ட ஆணையம் பரிந்துரைக்கும் நிலையே இருந்தது. ஆகவே பதிப்புரிமையும் தொழில்நுட்பப் பூட்டுமே அவர்களுக்குக் கைகொடுப்பவை. கிராக் செய்த பிரதியோடு தீநிரலும் சேர்ந்து வருவதால், பூட்டு வாங்குபவருக்கும் ஓரளவு காப்புதான். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவைக் கவனமாகப் படித்தால் ஒன்று புலப்படும். தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது மட்டுமே குற்றமாகிவிடாது; உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். இத்தகைய நோக்கத்தை நிபந்தனையாக்காமல், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விலக்குகளைப் பெரிதும் நம்பியிருக்கும் அமெரிக்கச் சட்டத்தைவிட இது அறிவார்ந்த ஏற்பாடு. அதோடு, கணினியமைப்பின் பாதுகாப்பைச் சோதிப்பதற்கு ‘அதன் உரிமையாளரின்’ அனுமதி போதும் என்கிறது 65ஏ பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. இங்கே உரிமையாளர் என்றால் கணினியமைப்பின் உரிமையாளர், அதாவது ஆலை. நிரலின் பதிப்புரிமையாளர் அல்லர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியையே கேட்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, நிரலின் இயக்கத்தைக் கவனித்தும் சோதித்தும் அறிவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பிழையைத் திருத்துவதற்காக நிரலைப் பிரித்துப் பார்க்கலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்லாதது பெருங்குறை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பந்தம். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியதும், பிரித்துப் பார்க்கமாட்டேன், சோதிக்கமாட்டேன் என்று வாங்குபவர் உறுதி தந்துவிடுகிறார். சட்டம் அனுமதித்ததை ஒப்பந்தம் தடுக்கலாமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு மென்பொருள் நெறியாணை, கவனித்துச் சோதிக்கும் உரிமையைப் பறிக்கும் நிபந்தனை செல்லாது என்று நேராகவே சொல்கிறது. 2021 அக்டோபரில், பெல்ஜிய அரசுக்கு எதிராக டாப் சிஸ்டம் நிறுவனம் தொடுத்த வழக்கில், முறையாக வாங்கியவர் பிழை திருத்த நிரலைப் பிரிக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் அதற்கு வரைமுறை வகுக்கலாம், அடியோடு தடுக்க முடியாது. இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு வரி இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் கொண்டு, சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிக்கும் நிபந்தனை செல்லாது என்று வாதாடலாம். வழக்காட வசதியுள்ள ஆலைக்குத்தான் அது உதவும். சிறு பட்டறைக்காரருக்குத் தேவை பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு வெளிப்படையான துணைவிதி: பாதுகாப்புச் சோதனைக்கும் பிழைத் திருத்தத்துக்கும் நிரலைப் பிரிக்கலாம், கண்டதைப் படைப்பாளருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும், போட்டி நிரல் எழுத அதைப் பயன்படுத்தக்கூடாது.

இந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போட நேரமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தாக்குதலில் பயன்படும் பலவீனத்தை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல். பிறரிடமிருந்து வாங்கிச் சேர்த்த மென்பொருள் கூறுகளையும் உரிய கவனத்தோடு ஆராயும் கடமை 2027 டிசம்பர் 11 முதல். கோவையிலிருந்து இணைய வசதியுள்ள பம்புக் கட்டுப்பாட்டுக் கருவியை ஐரோப்பாவுக்கு அனுப்பும் உற்பத்தியாளருக்கும் இவை பொருந்தும். தம் கருவிக்குள் இருக்கும் வேற்று நிறுவனத்து உரிம நிரலுக்கு அவர் அங்கே பொறுப்பேற்க வேண்டும். அதே நிரலை இங்கே பிரித்துப் பார்த்தால் ஒப்பந்த மீறல் வழக்கை எதிர்கொள்ள நேரலாம்.