பழைய புல்லட்டில் மிஸ்ஸிங்

சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல்–காற்றுக் கலவை எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதுதான் மிஸ்ஸிங். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் தீப்பற்றும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் அந்த ஒன்று தவறினாலே உடம்பு உதறும். எரியாத கலவை சூடான சைலென்சரில் போய் வெடிக்கும்போது சத்தமும் கேட்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இன்று ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகின்றன. பாயின்ட் வைத்த பழைய புல்லட் 350 அவற்றுக்கு முந்தைய தலைமுறை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அதைத் தயாரித்தது. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. கொண்ட வார்ப்பிரும்பு சிலிண்டர்.

மிஸ்ஸிங் என்றதும் கார்ப்ரேட்டரைக் கழற்றுவது பரவலான பழக்கம், தவறான பழக்கமும்கூட. எப்போது மிஸ் ஆகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சூடேறிய பிறகு மட்டும் என்றால் காயில், கண்டன்சர், டாப்பெட் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. மழையில் மட்டும் என்றால் பிளக் கேப், பிளக் ஒயர். சில கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கரண்ட் பக்கத்தைச் சோதிக்க இந்த வண்டியிலேயே நல்ல கருவி ஒன்று இருக்கிறது: ஹெட்லைட்டுக்கு மேலுள்ள ஆம்ப் மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரசரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்ப வேண்டும். பாயின்ட் மூடும்போது சாய்வு, திறக்கும்போது நடு. சாய்ந்தே நின்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது. சாயவே இல்லை என்றால் பாயின்ட் முகம் அழுக்காகியிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், பேட்டரியே இறங்கியிருக்கலாம். ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்தால் மட்டும் போதாது, கண்டன்சரையும் மாற்ற வேண்டும். ஓடும்போது பாயின்ட்டில் பளிச்சென்று பொறி தெறிப்பதும் அதே அடையாளம். காயில் சிக்கலானது. ஆறியிருக்கும்போது மல்டிமீட்டரில் சரியாகக் காட்டும், சூட்டில் உள்ளே இன்சுலேஷன் விட்டுவிடும். நன்றாக உள்ள வேறு காயிலை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் ஐட்லிங் தடுமாறும், கிக்கர் திருப்பி அடிக்கும்.

பிளக் முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுந்ததைச் சொல்லும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்த வண்டியிலும் கரி படியும் என்பதால், திறந்த சாலையில் சிறிது தூரம் ஓட்டிய பிறகு பார்ப்பது நல்லது. எண்ணெய்ப் பசையுள்ள கருப்பு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால் காற்று மிகுதி: ஜெட் அடைப்பு, அல்லது கார்ப்ரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் கசிவு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை அந்தப் பக்கமே தள்ளுகிறது, பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கிறது. மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தும் சூட்டில் மிஸ் ஆனால் டாப்பெட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியபின், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது புஷ்ராட் விரலால் எளிதாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. இதை விட்டுவைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.