சிறார் சாஃப்ட்பால்: கண்ணுக்குத் தெரியாத ‘ஸ்ட்ரைக் ஸோன்’ - நடுவர் கணிப்பது எப்படி?

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையை ஒட்டிய புத்தரிக்கண்டம் மைதானமாக இருந்தாலும், நாட்டின் வேறெந்தத் திடலாக இருந்தாலும், மட்டையும் பந்தும் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது கிரிக்கெட்டே. ஆனால், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் சாஃப்ட்பாலும் இடம்பெறுகிறது. இந்த ஆட்டத்தைப் புதிதாகக் காணும் பெற்றோருக்கு எழும் முதல் ஐயம், ‘பந்தை அடிக்காமல் நின்ற சிறுமி எப்படி ஆட்டமிழந்தாள்?’ என்பதுதான். அதற்கான விடை ‘ஸ்ட்ரைக் ஸோன்’ எனப்படும் எல்லையில் உள்ளது.

எல்லை எது?

ஹோம் பிளேட் என்னும் ஐங்கோணப் பலகையின் முன்பக்க அகலம் 17 அங்குலம், அதாவது 43.2 செ.மீ. அந்தப் பலகைக்கு நேர் மேலே, பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடைப்பட்ட வெளியே ஸ்ட்ரைக் ஸோன் எனச் சிறார் போட்டி விதிகள் பரவலாக வரையறுக்கின்றன. பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து இந்த எல்லைக்குள் சென்றால் அது ‘ஸ்ட்ரைக்’. வெளியே சென்றால் ‘பால்’. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் ஆட்டமிழப்பார். நான்கு பால் சேர்ந்தால் முதல் தளத்துக்குச் செல்லும் உரிமை பெறுவார்.

கிரிக்கெட்டில் வைடு பந்தைக் கணிக்கத் தரையில் கோடுகள் உதவுகின்றன. சாஃப்ட்பாலில் பலகையின் விளிம்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒவ்வொரு பேட்டரின் உடலமைப்பைக் கொண்டு நடுவரே மனத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

பந்தின் விளிம்பும் கணக்கில் சேரும்

பந்து முழுவதும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் எந்தப் பகுதி எல்லையைத் தொட்டாலும் ஸ்ட்ரைக்தான். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் விட்டம் ஏறக்குறைய 9.7 செ.மீ. எனவே, பலகையின் இருபுறமும் ஒரு பந்தின் அகலத்தைச் சேர்த்தால், நடுவர் கவனிக்க வேண்டிய அகலம் சுமார் 62 செ.மீ. ஆகிறது. ‘பந்து வெளியே போனது’ எனப் பக்கவாட்டில் அமர்ந்திருப்போர் எண்ணும் பல வீச்சுகள் ஸ்ட்ரைக் ஆவதற்கு இதுவே காரணம்.

பந்து பலகையைக் கடக்கும் இடமே முக்கியம். கேட்சர் அதைப் பிடிக்கும் இடம் அல்ல. சிறுவர், சிறுமியர் கீழ்க்கை முறையில் மெதுவாக வீசும் பந்து வளைந்து இறங்கும். அது முழங்கால் உயரத்தில் பலகையைக் கடந்து, தரையை ஒட்டிக் கேட்சரின் கையுறைக்குள் விழக்கூடும். கையுறையைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் நடுவர், நல்ல வீச்சையும் ‘பால்’ என அறிவித்துவிடுவார். அதே வேளையில், பலகையை எட்டுவதற்கு முன்பே தரையில் பட்டு எழும் பந்தை பேட்டர் அடிக்க முயலாதபோது, அது ‘பால்’ மட்டுமே.

உயரம் மாறினால் எல்லையும் மாறும்

ஒரே அணியில் 120 செ.மீ. உயரமுள்ள சிறுமியும் 155 செ.மீ. உயரமுள்ள சிறுமியும் இருக்கலாம். அடுத்தடுத்து ஆட வரும் இருவருக்கும் ஒரே எல்லையைக் கொள்வது பிழை. எல்லையைச் சுருக்கும் எண்ணத்துடன் ஒருவர் அளவுக்கு மீறிக் குனிந்து நின்றாலும், அவர் இயல்பாகப் பந்தை அடிக்க நிற்கும் நிலையையே நடுவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

வீச்சுத் தொலைவும் வயதுக்கேற்ப மாறுகிறது. சர்வதேச மகளிர் ஆட்டத்தில் அது 43 அடி. அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பில் 12 வயது வரையிலான முதன்மைப் பிரிவுக்கு 40 அடி. இளையோருக்கான மைனர் பிரிவுக்கு 35 அடி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 40 அடியை ஏறத்தாழ 0.7 விநாடியில் கடந்துவிடும்.

நிற்கும் இடமும் நிதானமும்

நடுவர் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையிலான இடைவெளி வழியே பலகை முழுவதும் தெரியும்படி நிற்கிறார். கண்மட்டம் எல்லையின் மேற்பகுதிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். சிறார் ஆட்டத்தில் இதற்காக அவர் நன்றாகத் தாழ்ந்து நிற்க வேண்டியிருக்கும். பந்து பிட்சரின் கையை விட்டது முதல் கையுறையை அடையும் வரை தலையை அசைக்காமல் கண்களால் பின்தொடர்ந்து, ஒரு கணம் நிதானித்த பிறகே தீர்ப்பை அறிவிப்பது பயிற்சியில் வலியுறுத்தப்படும் முறை. பேட்டர் மட்டையைப் பாதியில் நிறுத்தினாரா என்ற ஐயம் எழுந்தால், தள நடுவரின் கருத்தைக் கேட்கலாம்.

தாராளம் எந்த அளவு?

சிறு வயதுப் பிரிவுகளில் பிட்சர்களால் துல்லியமாக வீச இயலாது. எல்லையை இறுக்கமாகக் கடைப்பிடித்தால் தொடர்ந்து ‘பால்’ அறிவிக்கப்பட்டு, யாருமே மட்டை வீசாமல் ஆட்டம் நகரும். இதனால் சில தொடர்களில் எல்லையைச் சற்றுத் தாராளமாகக் கொள்ளுமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்துவது உண்டு. ஆனால் அளவு மீறினால், எட்டாத பந்துக்கு ஆட்டமிழக்கும் குழந்தை மனமுடையும். எந்த அளவைத் தேர்ந்தாலும், அது முதல் வீச்சு முதல் கடைசி வீச்சு வரை இரு அணிகளுக்கும் ஒன்றாக இருப்பதே நியாயம்.

தென் கொரியாவின் தொழில்முறை பேஸ்பால் தொடரில் 2024 முதல் ஸ்ட்ரைக், பால் இரண்டையும் தானியங்கிக் கருவி கணிக்கிறது. பள்ளி மைதானங்களில் அத்தகைய வசதி இல்லை. பந்து எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் கணிப்பை எதிர்த்து முறையீடு செய்யவும் விதியில் இடமில்லை. எண்ணிக்கைத் தவறு, விதியைத் தவறாகப் பயன்படுத்துதல் போன்றவற்றை மட்டுமே பயிற்சியாளர் சுட்டிக்காட்டலாம். எனவே, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நடுவரின் எல்லையைக் கவனித்து, அதற்கேற்ப ஆடக் குழந்தைகளைப் பழக்குவது பயிற்சியாளர்களின் பொறுப்பாகிறது.