சாட்சிக் கூண்டுக்கு வெளியே: சிறுவயது வன்முறையின் தன்வரலாறுகளை வாசித்தல்

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளாகி மீண்டவர்கள் எழுதும் தன்வரலாறுகளை நாம் பெரும்பாலும் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தே வாசிக்கிறோம். நடந்தது உண்மைதானா, சொல்பவரை நம்பலாமா, குற்றவாளி தண்டனை பெற்றானா என்பவையே முதலில் எழும் கேள்விகள். பரிவோடு வாசிப்பவரும் இதற்கு விலக்கல்ல. விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சாதகமாக எழுதிவிட்டவர் அவர், அவ்வளவுதான். இப்படி வாசிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, போதாது என்கிறேன். நீதிமன்றத்துக்கு முரணில்லாத சாட்சி வேண்டும். இந்நூல்களில் சிறந்தவையோ, சாட்சி எங்கே தடுமாறுகிறாள், எங்கே வாயடைத்துப் போகிறாள், எங்கே பொய்யே சொல்கிறாள் என்று காட்டும் இடங்களில்தான் நமக்குப் புதிதாக எதையேனும் கற்றுத்தருகின்றன.

மாயா ஏஞ்சலோ 1969-இல் வெளியிட்ட ‘ஐ நோ வை த கேஜ்ட் பேர்ட் சிங்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. ஆர்க்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூரில், கடை நடத்தும் பாட்டியிடம் வளர்ந்த சிறுமி, செயின்ட் லூயிஸில் இருக்கும் தாயிடம் போய்ச் சேர்கிறாள். அங்கே எட்டு வயதில் தாயோடு வாழும் ஃப்ரீமன் என்பவனால் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். வழக்கு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்பு அவன் உன்னைத் தொட்டதுண்டா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார். தொட்டதுண்டு. ஆனால் அவள் இல்லை என்கிறாள். இந்தப் பொய்யை நீதிமன்றத்தின் கண்ணால் பார்த்தால் அது வழக்கின் ஓட்டை. எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தால் அதை வைத்தே சிறுமியின் சொல் முழுவதையும் தள்ளியிருப்பார்கள். நூலோ அந்தப் பொய்யின் உள்ளே நம்மை அழைத்துப் போகிறது. உண்மையைச் சொன்னால், முதல்முறை அவன் தன்னை அணைத்துக்கொண்டிருந்த சில நிமிடங்கள் தனக்கு இதமாக இருந்ததையும் சொல்ல வேண்டிவரும். அண்ணன் பெய்லியிடம் அதை மறைத்தது வெளிப்படும். தாய் மனமுடைவாள், ஊர் கல்லெறியும். அரவணைப்பை அறியாத குழந்தைக்குக் கிடைத்த முதல் அணைப்பே குற்றத்தின் முன்னுரையாக அமைந்தது என்ற கொடிய உண்மையை ஆம், இல்லை என்ற இரு விடைகளில் எதுவும் தாங்காது.

பிறகு நடப்பதும் வழக்கின் தர்க்கத்துக்கு அடங்குவதில்லை. ஃப்ரீமனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது. ஆனால் அன்றே வெளியே வந்துவிடுகிறான். விரைவிலேயே அவன் கொல்லப்பட்டுக் கிடந்த செய்தி வருகிறது. தன் பொய்தான் அவனைக் கொன்றது, தன் வாயிலிருந்து வரும் சொல் இன்னும் பலரைக் கொல்லும் என்று முடிவுசெய்து, அண்ணனைத் தவிர எவரிடமும் பேசுவதைச் சிறுமி நிறுத்திவிடுகிறாள். எழுதும் ஏஞ்சலோவுக்கு அப்போது நாற்பது வயது. அந்த முடிவு தவறென்று அவர் அறிவார். ஆயினும் குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. குழந்தையின் கணக்கு அதன் முழு ஒழுங்கோடு நிற்கிறது. அதைச் சுற்றிலும் பெரியவளின் மொழி, அதன் நகைச்சுவை உட்பட, இயங்கிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதுதான் வாசகரின் வேலை. வன்முறைக்கு ஆளான குழந்தை பெரியவரின் குற்றவுணர்வைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்று ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்ட்சி 1932-இல் வீஸ்பாடன் மாநாட்டில் வாதிட்டார். சக அறிஞர்கள் அதை விரும்பவில்லை. அவர் கோட்பாடாகச் சொன்னதை ஏஞ்சலோ கதைசொல்லலின் அமைப்பாகவே ஆக்கியிருக்கிறார். கோட்பாட்டைப் படித்து நாம் ஒப்புக்கொள்ளலாம். இங்கோ குழந்தையின் தவறான முடிவுக்குப் படிப்படியாக நாமும் கூடவே வந்து சேர்கிறோம்.

முப்பத்தாறு இயல்கள் கொண்ட இந்நூலில் மேற்சொன்ன நிகழ்ச்சிகள் பதினொன்று முதல் பதின்மூன்று வரையிலான இயல்களில் முடிந்துவிடுகின்றன. அமெரிக்கப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் இதை அகற்றக் கோரிப் பல பத்தாண்டுகளாகப் புகார் அளித்தவர்கள் இந்தப் பக்கங்களையே பெரிதும் சுட்டினார்கள். விந்தை என்னவென்றால், நூலைப் போற்றுவோரும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது ஸ்டாம்ப்ஸ் ஊரின் திருமதி ஃபிளவர்ஸ் என்ற பெண்மணியை. அவர் சிறுமிக்கு டிக்கின்ஸை வாய்விட்டு வாசித்துக் காட்டினார், அவளுக்குப் பேச்சு திரும்பியது, ஆகவே இலக்கியம் காப்பாற்றியது என்று முடித்துவிடுகிறார்கள். நூல் அத்தனை எளிதில் நிறைவுகொள்வதில்லை. எஞ்சிய இயல்களில் நிறவெறி, வேலை தேடல், தன் உடலைப் பற்றிய ஐயம், பதினாறு வயதில் கருவுறுதல் எல்லாம் வருகின்றன. இத்தகைய வன்முறையிலிருந்து மீண்ட பிரெஞ்சு எழுத்தாளர் நேஜ் சின்னோ 2023-இல் ‘த்ரிஸ்த் தீக்ர்’ நூலில், இலக்கியம் தன்னைக் காப்பாற்றவில்லை என்றே வெளிப்படையாக எழுதினார். மீட்சிக் கதையை எதிர்பார்க்கும் வாசகரும் சாட்சியம் கேட்கும் வாசகரும் நெருங்கிய உறவினர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவருக்குமே கோப்பு மூடப்பட வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நடந்ததா என்ற கேள்வியைத் தளர்த்தினால் போலிகள் நுழைந்துவிடும். பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் 1995-இல் ஜெர்மன் மொழியில் வந்த நூல், நாஜி முகாம்களில் கழிந்த குழந்தைப் பருவத்தின் நினைவுத் துண்டுகள் என்று சொல்லிக்கொண்டது, விருதுகளும் பெற்றது. எழுதியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், முகாம் எதிலும் அடைக்கப்பட்டவரல்லர் என்று 1998-இல் பத்திரிகையாளர் டேனியல் கான்ஸ்ஃப்ரீட் வெளிப்படுத்தினார். மறு ஆண்டு பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. ஆகவே ஆவணச் சரிபார்ப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. எழுதியவர், சொல்பவர், கதைக்குள் வாழ்பவர் மூவரும் ஒருவரே என்பதுதான் தன்வரலாறு வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று ஃபிலிப் லெஜூன் 1975-இல் வரையறுத்தார். அது முறிந்தால் நூலும் முறிகிறது. ஆனால் வில்கோமிர்ஸ்கியின் நூல் எப்படி நம்பவைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர்களின் தர்க்கத்தைத் துறந்துவிட்டதாக அறிவித்தே அது தொடங்குகிறது. குழந்தையின் குரல் மட்டும், நடுவில் எவரும் இல்லாமல். ஏஞ்சலோவிடம் நாம் கண்ட இரட்டைக் குரல் அங்கே இல்லை. அது இல்லாததே போலிக்குச் சான்று என்று நான் சொல்லமாட்டேன். நடை எதையும் நிரூபிக்காது. ஆனால் இடைவெளியே இல்லாத வலிக்கு ஏங்கிய வாசகர்கள்தான் அந்நூலை உச்சியில் ஏற்றினார்கள்.

துன்பத்தின் முன் வடிவத்தைப் பற்றிப் பேசுவது இரக்கமற்றது என்பார்கள் சிலர். இவர்களுக்குச் சின்னோவின் நூலே விடை: நபகோவின் ‘லோலிதா’வை ஆராய்வதையும் தன் கதை சொல்லப்படும் விதத்தையே சந்தேகிப்பதையும் அவர் தன் அனுபவத்திலிருந்து பிரிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் சிந்திக்கிறார் என்பதை மறுத்து அழுகையை மட்டும் எதிர்பார்ப்பதில்தான் எனக்கு இரக்கமின்மை தெரிகிறது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது: சாட்சியமாக வாசிக்கப்பட்டதால்தானே இந்நூல்கள் சட்டத்தை மாற்றின? பிரெஞ்சு எழுத்தாளர் வனெஸா ஸ்ப்ரிங்கோராவின் ‘ல கோன்சாந்த்மான்’ 2020 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த ஜனவரியில், சிறார் மீதான வன்முறையைப் பற்றிய கமீல் குஷ்னெரின் நூல். 2021 ஏப்ரல் 21 அன்று பிரான்சில் புதிய சட்டம். ஆனால் ஸ்ப்ரிங்கோராவின் நூல் புலப்படுத்திய செய்தி எது? பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்த அவரோடு உறவுகொண்ட, ஐம்பதை எட்டிய எழுத்தாளர் கப்ரியேல் மாட்ஸ்னெஃப், சிறார் மீதான தன் நாட்டத்தைத் தானே பல நூல்களில் எழுதி வெளியிட்டவர். 1990-இல் தொலைக்காட்சி இலக்கிய நிகழ்ச்சி ஒன்றில் அதைப் பற்றி அவரிடம் கேட்டுச் சிரித்தார்கள். கியூபெக் எழுத்தாளர் டெனிஸ் பொம்பார்டியே மட்டுமே நேருக்கு நேர் கண்டித்தார். தகவல் முப்பது ஆண்டுகளாக எல்லார் கண்முன்னும் கிடந்தது. புதிதாக வந்தது, ஒரு சிறுமியின் சம்மதம் எப்படிச் செய்துமுடிக்கப்படுகிறது என்ற விளக்கம்: தந்தையின்மை, புத்தகக் காதல், கடிதங்கள், புகழ்பெற்றவரின் கவனம், சுற்றியிருந்த பெரியவர்களின் ஒப்புதல். அந்த விளக்கத்தை, விரும்பிப் போனதாக நம்பிய சிறுமியும் அதை எழுதும் பெண்ணும் ஒரே பக்கத்தில் முரண்பட்டு நிற்கும் அமைப்பு இல்லாமல் தந்திருக்க முடியாது. புதிய சட்டப்படி, குறைந்தது ஐந்து வயது மூத்த, வயதுவந்த ஒருவர் பதினைந்து வயதுக்குட்பட்டவரோடு உறவுகொண்டால் சம்மதம் இருந்ததா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை. ஏஞ்சலோவின் சிறுமியைப் பொய் சொல்ல வைத்ததும் ஏறத்தாழ அதே வகைக் கேள்விதான். குழந்தையிடம் அதைக் கேட்பதில் பொருளில்லை என்பதை அவருடைய பதின்மூன்றாம் இயல் 1969-இலேயே காட்டியிருந்தது.